பெஞ்ச் 60 கிலோவில் 5 மாதமாக நிற்கிறது: நேரத்தைக் கூட்டுவதா, குறைப்பதா?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். வயது 27, உயரம் 172 செ.மீ., எடை 66 கிலோ. ஜிம்மில் சேர்ந்து 14 மாதம் ஆகிறது. முதல் ஒன்பது மாதம் நன்றாகப் போனது. பெஞ்சில் படுத்து நெஞ்சுக்கு மேல் எடையைத் தள்ளும் பெஞ்ச் பிரஸ், வெறும் கம்பியோடு ஆரம்பித்து 60 கிலோவுக்கு வந்தது. சட்டை தோளில் இறுகியது. வீட்டிலும் கவனித்துச் சொன்னார்கள். அதன்பிறகு நகரவே இல்லை. 5 மாதமாக அதே 60 கிலோ, ஒரு செட்டில் அதே 8 ரெப்ஸ், அதாவது நிறுத்தாமல் 8 தடவை. உடல் எடையும் 66இலேயே நிற்கிறது.

எடை ஏறவில்லை என்று தெரிந்ததும் செட்டைக் கூட்டினேன். இப்போது வாரத்தில் 6 நாள், ஒவ்வொரு நாளும் 2 மணி நேரம். திங்களும் வியாழனும் செஸ்ட், டிரைசெப்ஸ் (மேல்கையின் பின்தசை). செவ்வாயும் வெள்ளியும் முதுகு, பைசெப்ஸ் (மேல்கையின் முன்தசை). புதனும் சனியும் கால், தோள். செஸ்டுக்கு மட்டும் ஒரு நாளில் ஐந்து பயிற்சி, ஒவ்வொன்றும் 4 செட். எல்லா செட்டும் கை நடுங்கும் வரை.

இப்போது வலது முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது. காலையில் தண்ணீர் வாளியைத் தூக்கினால் தெரிகிறது. மாஸ்டர் "இன்னும் உழைக்கணும்" என்கிறார். கூட வரும் நண்பன் 45 நிமிடத்துக்கு மேல் போனால் தசை கரைய ஆரம்பித்துவிடும் என்கிறான். ரெண்டு பேரும் என் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

சுண்டல்கிண்ணம் எழுதியது:

செட்டுக்கு நடுவே எவ்வளவு ஓய்வு? எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு எழுகிறீர்கள்? ஒரு நாள் சாப்பாட்டை அப்படியே எழுதுங்கள். இந்த மூன்றும் தெரியாமல் யார் என்ன சொன்னாலும் ஊகம்தான்.

வைகைக்கரை எழுதியது:

ஓய்வு 40 நொடி, மிஞ்சிப் போனால் 1 நிமிடம். உடம்பு ஆறிவிடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வர இரவு 10 ஆகும், படுக்க 12 தாண்டும். ஜிம் காலை 5:30க்கு என்பதால் 5 மணிக்கு எழுந்துவிடுவேன். ஞாயிறு மட்டும் 8 மணி வரை தூக்கம்.

ஜிம் முடிந்ததும் 2 வேகவைத்த முட்டை, பிறகு 4 இட்லி, சாம்பார். மதியம் சாதம், குழம்பு, பொரியல், தயிர். சாயங்காலம் டீ, ரெண்டு பிஸ்கட். ராத்திரி 3 தோசை அல்லது சப்பாத்தி. ஞாயிறு கோழி அல்லது மீன். பால் என்றால் டீயில் போடுவதுதான்.

கர்லாக்கட்டை எழுதியது:

தம்பி, எனக்கு 51 வயது. நான் ஆரம்பித்தது 1990களில், தகரக் கூரை போட்ட ஒரு ஜிம்மில். இரும்புத் தட்டு போதாது என்று சிமெண்ட் ஊற்றி எடை செய்து வைத்திருப்போம். தண்டாலும் பஸ்கியும் முடித்த பிறகுதான் கம்பியையே தொட விடுவார்கள். மூன்று மணி நேரம் போகும். ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் 1970இலிருந்து 1975 வரை தொடர்ந்து உடற்கட்டுப் போட்டியில் மிஸ்டர் ஒலிம்பியா பட்டம், 1980இல் மறுபடியும் ஒருமுறை. மொத்தம் ஏழு. அவர் காலையும் மாலையும் ஜிம்மில் கிடந்தவர். உழைத்துத்தான் அந்த உடம்பு வந்தது.

குறைத்துச் செய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உன் மாஸ்டர் சொல்வதில் ஒன்றும் தப்பில்லை. சாப்பாட்டைக் கூட்டு, விடாமல் செய்.

இரும்புப்பிரியன் எழுதியது:

அண்ணே, சாப்பாடு விஷயத்தில் உங்கள் கூடத்தான் நான். ஆனால் ஆர்னால்டை இந்தத் தம்பிக்கு அளவுகோலாக வைக்க முடியாது. அவருக்கு உடம்பு வளர்ப்பதுதான் முழுநேரத் தொழில். பயிற்சி முடிந்தால் சாப்பாடு, தூக்கம், மறுபடி பயிற்சி. அந்தக் காலத்தில் ஸ்டீராய்டு எடுத்ததையும் அவரே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். நம் ஆள் இரவு 10 மணிக்கு வீட்டுக்கு வந்து, 5 மணி நேரம்கூடத் தூங்காமல் கம்பியைத் தூக்குகிறார். ஒரே செட், ஒரே எடை என்றாலும் அது ரெண்டு உடம்பிலும் ஒரே வேலையைச் செய்யாது.

வைகைக்கரை, உங்கள் நான்கு செட் பெஞ்சில் ரெப்ஸ் எப்படிக் குறைகிறது என்று எழுதவில்லை. 40 நொடி ஓய்வு என்றால் நானே சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள்: 8, 6, 5, 3. மொத்தம் 22 ரெப்ஸ், 60ஆல் பெருக்கினால் 1320 கிலோ. அதே ஆள் 3 நிமிடம் ஓய்வெடுத்துச் செய்தால் 8, 8, 7, 6 வரும். 29 ரெப்ஸ், 1740 கிலோ. செட் அதே நான்குதான், தசை செய்த வேலை 420 கிலோ கூடுதல். குறைந்த ஓய்வில் மூச்சுதான் முதலில் தோற்கிறது, நெஞ்சுத் தசை அல்ல. 2016இல் இதையே சோதித்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே பயிற்சியில் இருந்த 21 இளைஞர்கள், 8 வாரம், ஒரு குழுவுக்கு 1 நிமிட ஓய்வு, இன்னொன்றுக்கு 3 நிமிடம். பலமும் தசையும் 3 நிமிடக் குழுவில்தான் அதிகம் கூடின. உடம்பு ஆறிவிடும் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். மதுரை வெயிலில் 3 நிமிடத்தில் யார் உடம்பும் ஆறாது.

அடுத்தது செட் எண்ணிக்கை. செஸ்டுக்கு நாளுக்கு 20, வாரத்துக்கு 40. இந்தக் கேள்வி புதியது இல்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், காலில் அடிபட்ட சிப்பாய்களுக்குக் கனமான எடை கொடுத்துப் பயிற்சி செய்ய வைத்தார். எடையைப் படிப்படியாகக் கூட்டும் முறையை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். ஆரம்பத்தில் ஒரு பயிற்சிக்கு 7 முதல் 10 செட், ஒவ்வொன்றும் 10 ரெப்ஸ் என்று செய்ய வைத்தார். 1948க்குள் அவரே அதை 3 செட்டாகக் குறைத்துவிட்டார், அதிலும் முதல் ரெண்டு செட் எடை குறைவானவை. அவ்வளவு செட் தேவையில்லை, குறைவாகச் செய்தாலே நன்றாகத் தேறுகிறார்கள் என்று நோயாளிகளைப் பார்த்தே கண்டுகொண்டார். இதை எங்கே பேச்சு வந்தாலும் நான் சொல்வேன். தன் முறையைத் தானே திருத்திக்கொள்ள ஒரு மனம் வேண்டும்.

அதற்காக ஒரு செட் போதும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டுத் தொகுப்பில், ஒரு தசைக்கு வாரம் 10 செட்டும் அதற்கு மேலும் செய்தவர்களுக்கு, குறைவாகச் செய்தவர்களைவிட வளர்ச்சி அதிகம். 10 வேண்டும், சிலருக்கு 15 வேண்டும், நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறவர் 20கூடத் தாங்கலாம். 5 மணி நேரம் தூங்குகிறவர் 40 தாங்க மாட்டார். உங்கள் முழங்கை அதைச் சொல்லிவிட்டது.

ஒரு கனமான பயிற்சிக்குப் பிறகு பைசெப்ஸில் புரதம் கட்டும் வேகத்தை 1995இல் அளந்தார்கள். 24 மணி நேரத்தில் வழக்கத்தைப்போல் இரு மடங்குக்கு ஏறியது, 36 மணி நேரத்தில் ஏறத்தாழப் பழைய நிலைக்கு இறங்கியது. தசை கட்டப்படுவது அந்த ஒன்றரை நாளில்தான், வீட்டிலும் அலுவலகத்திலும் இருக்கும்போது. அந்த நேரத்தில் செங்கல்லும் இல்லை, கொத்தனாருக்குத் தூக்கமும் இல்லை என்றால் சுவர் எப்படி எழும்பும்?

ஒரேசெட் எழுதியது:

இதெல்லாம் சுற்றி வளைப்பு. டோரியன் யேட்ஸ் 1992இலிருந்து 1997 வரை ஆறு தடவை மிஸ்டர் ஒலிம்பியா. வாரம் நான்கு நாள், ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார். வார்ம்அப் முடிந்ததும் ஒரு பயிற்சிக்கு ஒரே ஒரு முழு செட், கம்பி இனி நகராது என்ற நிலை வரைக்கும். நான் இரண்டு வருடமாக இப்படித்தான் செய்கிறேன். உக்கிரம் இருந்தால் நேரம் தேவையில்லை.

இரும்புப்பிரியன் எழுதியது:

யேட்ஸ் ஒரு செட் என்று கணக்கில் வைப்பது கடைசி செட்டை மட்டும். அதற்கு முன் வார்ம்அப் என்று அவர் செய்ததில் பாதி நமக்குக் கணக்கில் வரும் முழு செட். இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1994இல் அவருக்கு பைசெப்ஸ் கிழிந்தது, 1997இல் டிரைசெப்ஸ். கடைசி எல்லை வரை தள்ளுவதற்குத் தசைநார் கொடுக்கும் விலை அது. உங்களுக்கு இரண்டு வருடம் ஒத்துவந்தது என்றால் மகிழ்ச்சி, தொடருங்கள். முழங்கை ஏற்கெனவே வலிக்கிற ஒருவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

2019இல் பயிற்சி பெற்ற 34 ஆண்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது. 8 வாரம், வாரம் மூன்று நாள். ஒரு குழு ஒவ்வொரு பயிற்சியிலும் 1 செட், இன்னொன்று 3, மற்றொன்று 5. ஒரு செட் குழு 13 நிமிடத்தில் முடித்து வீட்டுக்குப் போனது. ஐந்து செட் குழுவுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. பலம் மூன்று குழுவுக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி கூடியது. தசையின் அளவு மட்டும் செட் கூடக் கூட அதிகம் கூடியது. அதனால் நேரமே இல்லாதவன் 13 நிமிடம் செய்தாலும் பலம் வரும், வெட்கப்பட வேண்டியதில்லை. அளவு வேண்டும் என்றால் செட் வேண்டும். அந்த செட்டிலிருந்து உடம்பு தேறி எழவும் வேண்டும்.

நாலுமணிஅம்மா எழுதியது:

எனக்கு இரண்டு பிள்ளைகள், ஒருத்தி ஒன்றாம் வகுப்பு, ஒருவன் நான்கு வயது. காலையில் எனக்குக் கிடைப்பது 35 நிமிடம். வீட்டு மாடியில் ஒரு ஜோடி டம்பெல், ஒரு கம்பி, சாய்வு பெஞ்ச். 3 நிமிடம் ஓய்வு என்று படித்ததும் எனக்கு முதலில் திக்கென்றது. அப்படி உட்கார்ந்தால் என் நேரம் போய்விடும்.

அதனால் நான் எதிரெதிர் தசைகளைச் சேர்த்துச் செய்கிறேன். ஒரு செட் டம்பெல் பிரஸ், ஒன்றரை நிமிடம் நிற்பேன், ஒரு செட் ரோயிங் (குனிந்து எடையை வயிற்றை நோக்கி இழுப்பது), மறுபடி ஒன்றரை நிமிடம், மறுபடி பிரஸ். நெஞ்சுக்கு மூன்று நிமிடத்துக்கு மேலேயே ஓய்வு கிடைத்துவிடுகிறது, நானும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கால் நாளில் மட்டும் இப்படிச் செய்ய முடியவில்லை. ஸ்குவாட்டுக்குப் (எடையோடு உட்கார்ந்து எழுவது) பிறகு வேறு எதைத் தொட்டாலும் மூச்சு வாங்குகிறது, அன்று பயிற்சியைக் குறைத்துக்கொண்டு முழு ஓய்வு எடுப்பேன்.

வாரம் நான்கு நாள், ஒரு வருடமாக. சிலிண்டரை ஒரு கையால் இழுத்த நான் இப்போது தூக்கி வைக்கிறேன். பெண்களுக்கு அதிக எடை கூடாது என்று எங்கள் பக்கத்தில் இன்னும் சொல்கிறார்கள். தயவுசெய்து யாரும் அதைக் கேட்காதீர்கள்.

வைகைக்கரை எழுதியது:

அக்கா, இது நல்ல யோசனை. இரும்புப்பிரியன் அண்ணா, இன்று நோட்டோடு போனேன். 8, 6, 4, 3 வந்தது. நீங்கள் சொன்னதைவிட ஒன்று குறைவு. அந்த 45 நிமிட விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே? நண்பன் விடாமல் கேட்கிறான்.

சுண்டல்கிண்ணம் எழுதியது:

அதன் கதை பல்கேரியாவிலிருந்து வருகிறது. 1970, 80களில் பல்கேரிய பளுதூக்கும் அணியை உலகத்தின் உச்சிக்குக் கொண்டுபோனவர் இவான் அபட்ஜியேவ் என்ற பயிற்சியாளர். வீரர்களை 30 முதல் 45 நிமிடம் தூக்க வைத்து, இடைவெளி விட்டு, மறுபடி தூக்க வைப்பார், ஒரே நாளில் பல தடவை. அதற்கு மேல் போனால் டெஸ்டோஸ்டிரோன் இறங்கிவிடும் என்று காரணம் சொன்னார்கள். அது பத்திரிகைகள் வழியாக எல்லா ஜிம் சுவருக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த வீரர்கள் 45 நிமிடத்தோடு வீட்டுக்குப் போகவில்லை, நாள் முழுக்கத் தூக்கினார்கள் என்ற பாதி மட்டும் வந்து சேரவில்லை.

பயிற்சி நேரத்தில் ஹார்மோன் ஏறுவதும் இறங்குவதும் உண்மைதான். ஆனால் அந்தச் சில நிமிட ஏற்ற இறக்கத்துக்கும் பல வார முடிவில் தசை எவ்வளவு வளர்ந்தது என்பதற்கும் தொடர்பு இல்லை என்று கனடாவில் செய்த ஆய்வுகள் காட்டின. கடிகாரம் 46ஐத் தொட்டதும் எதுவும் கரையாது. நண்பரிடம் சொல்லுங்கள். ஆனாலும் அவர் யோசனை உங்களுக்குத் தற்செயலாக நல்லதே செய்யும், ஏனென்றால் உங்கள் இரண்டாவது மணி நேரம் முழுக்கத் தேய்ந்த செட்கள்தான்.

இரவுப்பணி எழுதியது:

தூக்கத்தைப் பற்றி ஒரு வரியில் எல்லோரும் கடந்து போகிறீர்கள், எனக்கு அதுதான் எல்லாம். மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். மாதத்தில் ஒரு வாரம் இரவுப்பணி. பல வருடம் அந்த வாரமும் அதே பயிற்சியை வீம்பாகச் செய்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த வாரத்துக்குப் பிறகு காய்ச்சல் அல்லது முதுகுப் பிடிப்பு வரும். காரணம் என் பயிற்சிதான் என்று தோன்றவே எனக்கு மூன்று வருடம் ஆனது.

2010இல் ஒரு ஆய்வு. பத்தே பேர்தான், சின்னது, ஆனால் ஒரே ஆட்களை இரண்டு விதமாகவும் வைத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டைக் குறைத்து 14 நாள், ஒருமுறை படுக்கையில் 8.5 மணி நேரம், இன்னொரு முறை 5.5 மணி நேரம். இறங்கிய உடல் எடை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் குறைவாகத் தூங்கியபோது கொழுப்பு பாதிக்கும் குறைவாகத்தான் கரைந்தது, தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத எடை 60 சதவீதம் அதிகமாகப் போனது. இதைப் படித்த அன்று நான் என் நோட்டை எடுத்து மாற்றி எழுதினேன்.

இப்போது இரவுப்பணி வாரத்தில் செட் எண்ணிக்கை சரிபாதி. எடையைக் குறைக்க மாட்டேன், அதே எடை, பாதி செட். இரண்டு நாள் மட்டும். பலம் ஒரு கிராம்கூட இறங்குவதில்லை. வைகைக்கரை தம்பி, காலை ஜிம்மை வாரத்தில் இரண்டு நாளாவது விட்டுவிட்டு அந்த நேரம் தூங்குங்கள். அதுவும் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

கர்லாக்கட்டை எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். இரவுப்பணி எழுதியது என்னை யோசிக்க வைத்தது, அதனால் நான் எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன்.

கொரோனா ஊரடங்கில் ஜிம் பூட்டிக் கிடந்தது. திறந்த முதல் நாள், பழைய கணக்கிலேயே ஸ்குவாட், லெக் பிரஸ், லஞ்சஸ் என்று 20 செட்டுக்கு மேல் போட்டேன். எனக்கு அப்போது 46, 47 வயது. மறுநாள் தொடை கல்லாக வீங்கியது, சரி, வழக்கமான வலி என்று விட்டேன். மூன்றாம் நாள் சிறுநீர் கோலா நிறத்தில் வந்தது. மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்து, தசை உடைந்து அதன் புரதம் சிறுநீரகத்துக்குப் போகிறது என்றார்கள். நான்கு நாள் குளுகோஸ் பாட்டில். சிறுநீரகம் தப்பியது தெய்வச் செயல். இந்தப் பக்கத்தைப் படிக்கிற யாராக இருந்தாலும், கடுமையான பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் அந்த நிறத்தில் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். இடைவெளிக்குப் பிறகு திரும்புகிறவர்கள் முதல் வாரம் தசைக்கு இரண்டு மூன்று செட்டோடு நிறுத்துங்கள்.

அதனால் குறைத்துச் செய் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்றில் விட்டுக்கொடுக்க மாட்டேன். இப்போது எங்கள் ஜிம்மில் "ரெண்டு ரெப்ஸ் கையிருப்பில் விட்டு நிறுத்தணும்" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். கவனித்துப் பார்த்தால் ஆறு ஏழு ரெப்ஸ் மிச்சம் இருக்கும்போதே வைத்துவிடுகிறார்கள். உண்மையான கடைசி ரெப்ஸ் எப்படி இருக்கும் என்று தெரியாதவனுக்குக் கையிருப்பு எவ்வளவு என்று எப்படித் தெரியும்? கம்பி தானாக வேகம் குறையும், நீ முழுப் பலத்தோடு தள்ளுவாய், ஆனாலும் மெதுவாகத்தான் ஏறும். அந்த இடத்தை ஒருமுறையாவது தொட்டிருக்க வேண்டும்.

இரும்புப்பிரியன் எழுதியது:

அண்ணே, இதை எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்ன கடைசிப் பத்தியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். செட்டைக் குறைத்தவர் உக்கிரத்தையும் குறைத்தால் ஒன்றும் மிஞ்சாது. மெஷினிலும் டம்பெல் கர்லிலும் கடைசி செட்டை முழு எல்லை வரை கொண்டுபோகலாம், ஆபத்து குறைவு. பெஞ்சிலும் ஸ்குவாட்டிலும் ஒன்றோ இரண்டோ மிச்சம் வைத்து நிறுத்துவது நல்லது. அந்த கடைசி ஒரு ரெப்ஸ் கொடுக்கிற லாபம் சின்னது, அது அடுத்த மூன்று செட்டிலிருந்து எடுத்துக்கொள்வது பெரியது.

வைகைக்கரை, உங்களுக்கு இப்படி எழுதுகிறேன். முதல் ஒரு வாரம் எல்லாவற்றிலும் பாதி செட், அதே எடை, எதையும் எல்லை வரை தள்ளாதீர்கள். முழங்கையும் தூக்கக் கடனும் கொஞ்சம் ஆறட்டும். அதன்பிறகு வாரம் நான்கு நாள். திங்களும் வியாழனும் மேலுடம்பு, செவ்வாயும் சனியும் கால். மேலுடம்பு நாளில் பெஞ்ச் 4 செட், ரோயிங் 4 செட், சாய்வு டம்பெல் பிரஸ் 2, லாட் புல்டவுன் 3, தோளுக்கு லேட்டரல் ரெய்ஸ் 3, கைக்கு ஒவ்வொன்றும் 2. நெஞ்சுக்கு வாரத்துக்கு 12 செட் வந்துவிடுகிறது. பெஞ்ச், ரோயிங் 3 நிமிட ஓய்வு, சின்ன பயிற்சிகளுக்கு ஒன்றரை நிமிடம், நாலுமணிஅம்மா சொன்னபடி ஜோடி சேர்த்துக்கொள்ளுங்கள். 75 நிமிடத்துக்குள் முடியும். முடியவில்லை என்றால் கடைசியில் இருப்பதை வெட்டுங்கள், ஓய்வை வெட்டாதீர்கள்.

60 கிலோவில் நான்கு செட்டும் 8 வரும்வரை எடையைக் கூட்ட வேண்டாம். வந்த அன்று 62.5. உங்கள் ஜிம்மில் 1.25 கிலோ தட்டு இல்லையென்றால் சொந்தமாக ஒரு ஜோடி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். 60இலிருந்து 65க்கு ஒரேயடியாகத் தாவ முடியாமல் மாதக்கணக்கில் நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முழங்கை உள்பக்க வலிக்கு, நேர்க் கம்பியில் பைசெப்ஸ் கர்ல் செய்வதை நிறுத்திவிட்டு டம்பெல்லை சுத்தியல் பிடிக்கிற மாதிரி பிடித்துச் செய்து பாருங்கள். சுண்டுவிரல் மரத்துப்போனால் காத்திருக்காமல் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள், அது நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்.

சுண்டல்கிண்ணம் எழுதியது:

சாப்பாட்டுக் கணக்கு என் பொறுப்பு. உடல் எடைக் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் வரைக்கும் தசை வளர்ச்சிக்கு உதவுகிறது, அதற்கு மேல் லாபம் குறைவு என்பது 2018இல் வந்த பெரிய தொகுப்பின் முடிவு. 66 கிலோவுக்கு 105 கிராம். நீங்கள் எழுதிய சாப்பாட்டில் என் கணக்குப்படி 50 சுமாருக்குத்தான் வருகிறது. பாதி.

பவுடர் வாங்காமலே மீதியைச் சேர்க்கலாம். முட்டையை 2இலிருந்து 4 ஆக்கினால் 12 கிராம் கூடும். மீல் மேக்கர் 50 கிராம் ஊறவைத்து மதியக் குழம்பிலோ பொரியலிலோ போட்டால் 26. ராத்திரி படுக்கும் முன் அரை லிட்டர் பால், 16. இதுவே 54 ஆகிவிட்டது. பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டால் மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்து வரும், பயிற்சிக்கு அந்த மாவுச்சத்தும் வேண்டும். உடல் எடை 5 மாதமாக 66இலேயே நிற்கிறது என்றால் மொத்தச் சாப்பாடே போதவில்லை என்று பொருள். வாரத்துக்கு 200 கிராம் ஏறினால் போதும், அதற்கு மேல் அவசரப்பட்டால் வயிற்றில்தான் சேரும்.

ஒரேசெட் எழுதியது:

பயிற்சி முடிந்ததும் ஐஸ் தண்ணீரில் உட்காருவது சீக்கிரம் தேற வைக்கும் என்று சொல்கிறார்களே? எங்கள் ஜிம்மில் புதிதாகத் தொட்டி வைத்திருக்கிறார்கள்.

இரவுப்பணி எழுதியது:

வலி குறையும், ஆனால் தசை வேண்டுமென்றால் பயிற்சி முடிந்த உடனே வேண்டாம். 2015இல் 12 வாரம் பார்த்தார்கள், பயிற்சிக்குப் பிறகு 10 நிமிடம் 10 டிகிரித் தண்ணீரில் உட்கார்ந்தவர்களுக்குத் தசையும் பலமும் குறைவாகத்தான் கூடின. வளரச் சொல்லி உடம்புக்கு வரும் செய்தியையே குளிர் மட்டுப்படுத்திவிடுகிறது. வீட்டுக்குப் போய்ச் சாதாரணத் தண்ணீரில் குளித்துச் சாப்பிட்டுத் தூங்குங்கள்.

வைகைக்கரை எழுதியது (8 வாரம் கழித்து):

எல்லோருக்கும் வணக்கம். சொன்னபடி செய்தேன், அதனால் சொல்ல வந்தேன்.

முதல் வாரம் மிகவும் கஷ்டமாக இருந்தது, உடம்புக்கு இல்லை, மனதுக்கு. 40 நிமிடத்தில் வெளியே வரும்போது ஏதோ ஏமாற்றிவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. மாஸ்டரிடம் முழங்கையைக் காட்டிப் பேசினேன். அவர் கோபப்படவில்லை, நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு "சரி, செய்து பார்" என்றார். இப்போது மற்ற பையன்களிடமும் நோட்டு எழுதச் சொல்கிறார்.

ஐந்தாவது வாரம் 60இல் 8, 8, 8, 8 வந்தது. 62.5க்குப் போனேன். நேற்று அதில் 8, 8, 7, 7. ஐந்து மாதம் நின்ற கம்பி நகர்ந்துவிட்டது. உடல் எடை 67.4. புதன், வெள்ளி காலை 7 மணி வரை தூங்குகிறேன், மற்ற நாளிலும் 11:30க்குப் படுத்துவிட முயல்கிறேன், பாதி நாள் முடிகிறது. மீல் மேக்கரை அம்மா சுக்கா மாதிரி வறுத்துக் கொடுக்கிறார்கள், அலுவலகத்தில் பங்கு கேட்கிறார்கள். முழங்கை வலி வாளி தூக்கும்போது இல்லை, நெற்றிக்கு மேல் கம்பியை இறக்கும் டிரைசெப்ஸ் பயிற்சியில் மட்டும் லேசாக இருக்கிறது.

ஒரே கேள்வி. இப்போது நன்றாகத் தேறுகிறேன் என்று தெரிகிறது. செட்டைக் கூட்டலாமா?

இரும்புப்பிரியன் எழுதியது:

எடை ஏறிக்கொண்டிருக்கும்போது எதற்குக் கூட்ட வேண்டும்? 62.5 நின்றால் அப்போது பார்க்கலாம். அந்த டிரைசெப்ஸ் பயிற்சியை விட்டுவிட்டு கேபிளில் கயிறு போட்டுக் கீழே தள்ளுங்கள்.

கர்லாக்கட்டை எழுதியது:

தம்பி, நான் இரும்புப்பிரியனோடு கொஞ்சம் மாறுபடுகிறேன், உனக்கு ஆசை இருக்கிறது, அதை அடைக்க வேண்டாம். சாய்வு பெஞ்சில் ஒரே ஒரு செட் கூட்டு, திங்கள் மட்டும். மூன்று வாரம் எழுதி வை. வியாழன் பெஞ்சில் ஒரு ரெப்ஸ் குறைந்தாலும் அதை எடுத்துவிடு. அந்த சுக்காவுக்கு அம்மா என்ன மசாலா போடுகிறார்கள் என்று கேட்டு எழுது, என் வீட்டில் மீல் மேக்கரைத் தொட மாட்டேன் என்கிறார்கள்.

வைகைக்கரை எழுதியது:

சரி அண்ணே. திங்கள் முதல் ஒரு செட். மசாலா: சோம்பு, மிளகு, காய்ந்த மிளகாய் வறுத்து அரைத்தது, சின்ன வெங்காயம் நிறைய, கறிவேப்பிலை. மீல் மேக்கரைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து மூன்று தடவை பிழிய வேண்டுமாம், பிழியாவிட்டால் வாடை போகாது என்கிறார்கள்.